வலமாகச் சுற்றிய பூமி

தூத்துக்குடி,
12-8-1934

சௌபாக்கியவதி மரகதவல்லிக்கு,

இங்கே நான் க்ஷேமம். கும்பகோணத்தில் நீயும் குழந்தை ஜெயாவும் சௌக்கியமா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். என் வேலை நிரந்தரமாவது அவர் கையில். பித்தளையில் செய்த சூரிய மண்டல யந்திரத்தை வைத்துப் பாடம் நடத்தினேன். கைப்பிடியைச் சுழற்றினால் கிரகங்கள் சூரியனைச் சுற்றும். பூமி ஒரு சுற்று வந்தால் ஒரு வருஷம். ஹெட்மாஸ்டர் பாதியில் எழுந்துவிட்டார்.

"என்னவே சாரங்கபாணி, பூமி இடப்பக்கமால்லா சுத்தணும்! நீரு கோயில் பிரகாரம்லா சுத்துதீரு!"

பழக்கத்தில் கை வலமாகவே போயிருக்கிறது. "நாலு வருஷம் பின்னால் போய்விட்டோம்" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். பாதகமில்லை, நல்லபடியாகவே எழுதிப் போனார்.

உப்பு நார்த்தங்காய் கொஞ்சம் அனுப்பு. ஜெயாவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்பு வாங்க அளவு தெரியவில்லை. புறப்படும்போது என் உள்ளங்கையில் அடங்கிய பாதம்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும், யாரிடமும் சொல்லாதே. நேற்று வகுப்பு காலியானதும் பூமியை வேண்டுமென்றே வலமாக இரண்டு சுற்றுச் சுற்றினேன். நான் ரயில் ஏறிய நாள் வந்தது. அங்கே நிறுத்த மனம் வராமல், இன்னும் ஒரு நாள் பின்னால் சுற்றினேன்.

சாரங்கபாணி