என் பெயருக்கு வந்த பதில்

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஆர்த்தி அப்பாவுக்கு,

கலைமதி எழுதிக்கொள்வது. கெடாரில் அத்தையும் ஆர்த்தியும் சுகம், இங்கே நானும் அப்படியே. மஸ்கட்டில் வெயில் கொஞ்சமாவது இறங்கியதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதுதான் எங்கள் கவலை. மல்லாட்டை பிடுங்கியாயிற்று. மழை பிடிப்பதற்குள் கடலையைக் காயவைத்துவிட வேண்டும் என்று அத்தை களத்தைவிட்டு வரவே இல்லை. ஆர்த்திக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் பேசும்போது வல்லரசு அண்ணன் பக்கத்துக் கட்டிலில்தான் இருக்கிறார். நான் சொல்லப்போவது அவர் நமக்குச் செய்த ஏற்பாட்டைப் பற்றி. பாதியில் நீங்கள் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டால், திரும்ப ஆரம்பிக்க எனக்குத் தைரியம் வராது. லீவு முடிந்து அங்கே திரும்பும் ஆனந்தராஜிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நான் படித்த ஏ.என்.எம். படிப்புக்கு அங்கே வேலை இல்லை, ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஆனால்தான் விசா என்று எத்தனை நாளாகப் பேசியிருக்கிறோம். விழுப்புரத்துக் கல்லூரியில் இடம் இருக்கிறது. ஆனால் மூன்று வருடம் தினமும் போக வேண்டும், வார்டில் நிற்க வேண்டும், இந்த ஆஸ்பத்திரி வேலையை விட வேண்டும். வல்லரசு அண்ணன் சொன்ன இடத்துக்கோ போகவே வேண்டாம். பெயர் இருந்தால் போதும், சர்டிபிகேட் சீக்கிரம் வந்துவிடும். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த வார்த்தையை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஆசையில்தான் செவ்வாய்க்கிழமை அந்த இடத்தைப் பார்க்கப் போனேன்.

பைபாஸிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம். முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டிடம். வாசலில் பெண்கள் செருப்பு வரிசையாகக் கிடந்தது. இவ்வளவு பேர் படிக்கிறார்களே என்று மனசு லேசானது. என் செருப்பைக் கழற்றி விடும்போதுதான் கவனித்தேன். எல்லாச் செருப்பிலும் ஒரே அளவு தூசி. ஒரு ஜோடியின் வாருக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

உள்ளே ஒரு மேடம் வருகைப் பதிவுக்குப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெண் 'உள்ளேன் மேடம்' என்றாள். ஒரு குரல் கீச்சென்று, ஒன்று தூக்கக் கலக்கத்தில், இன்னொன்று சளி பிடித்தாற்போல. வகுப்பு முடியட்டும் என்று தாழ்வாரத்திலேயே நின்றேன். அப்போது மேடம், 'கலைமதி குமரேசன்' என்றார்.

'உள்ளேன் மேடம்.'

அது என் குரல். வார்டில் டாக்டர் கூப்பிட்டால் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துப் பதில் சொல்வேனே, நீங்கள்கூடக் கேலி செய்வீர்களே, அதே இழுப்பு. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெஞ்சுகள் எல்லாம் காலி. கடைசி பெஞ்சில் மட்டும் வெளுத்துப்போன புடவையில் ஒருத்தி, கையில் விளக்குமாற்றோடு உட்கார்ந்திருந்தாள். மேடம் அடுத்த பெயரைச் சொன்னார். அவள் வேறொரு குரலில் பதில் சொன்னாள்.

மேடம் என்னைப் பார்த்துப் பதறவே இல்லை. வாம்மா என்று உட்காரவைத்து விளக்கினார். சுவரில் இருக்கும் கேமராவில் அவர் முகம் மட்டும்தான் விழுமாம், மேலிடத்துக்குக் காட்ட மாணவிகளின் சத்தம் பதிவானால் போதுமாம். பெருக்குகிற அம்சாவுக்கு எல்லாப் பெண்கள் மாதிரியும் பேச வரும் என்றார். என்னைப் பார்த்தே இராதவளுக்கு என் இழுப்பு எப்படி வந்தது என்று சொல்லவில்லை. நான் இன்னும் சேரவில்லையே, பார்க்கத்தானே வந்தேன் என்றேன். அவர் சிரித்தார்.

'நீ சேந்து ஒரு மாசம் ஆச்சும்மா. ஒரு நாள்கூட லீவு போடல.'

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீங்கள் பெயர் கொடுத்துவிட்டீர்கள். எனக்காகத்தான் செய்திருப்பீர்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, என்னை விட்டுவிட்டு நான் மட்டும் எங்கோ போய்விட்டது போல இருந்தது.

செய்முறை அறையைக் காட்டச் சொன்னேன். கட்டில்களில் நோயாளி பொம்மைகளைக் கழுத்துவரை போர்த்திப் படுக்கவைத்திருந்தார்கள். எனக்கு முன்பே அம்சா அங்கே வந்திருந்தாள். முதுகில் புண் வராமல் இருக்க நாங்கள் நோயாளிகளைப் புரட்டிவிடுவோமே, அதுபோல ஒவ்வொரு பொம்மையையும் மெல்ல ஒருக்களித்து வைத்தாள். கடைசிக் கட்டிலில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, அந்தப் பொம்மையின் அடிவயிற்றை வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் சாயமே போயிருந்தது. பிரசவம் ஆனவளுக்கு ரத்தம் நிற்காவிட்டால், கர்ப்பப்பை இறுகும்வரை அப்படித் தேய்ப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது. நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

என்ன செய்கிறாய் என்று கேட்டேன். தலை நிமிராமல் சொன்னாள்:

'கல்லு மாதிரி ஆவணுங்க. அது வரைக்கும் கைய எடுக்கக் கூடாதாம். இது ஆவவே மாட்டேன்னுது.'

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவளும் இங்கே பெயர் கொடுத்து வீட்டிலிருந்தே பாஸ் ஆனவள்தான். அந்தச் சர்டிபிகேட்டோடு கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை. ஒரு மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். குழந்தை பிறந்த ஒரு பெண்ணோடு இவள் மட்டும் இருந்தாள்.

'ரத்தம் போய்க்கினே இருந்துச்சுங்க. இன்னா பண்றதுன்னு தெரியல. துணி மாத்திக்கினே இருந்தேன். அந்தப் பொண்ணு, அக்கா குளுருதுன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. நான் போர்த்திவுட்டேன்.'

வேறு எதுவும் அவளுக்குச் செய்யத் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு வேலையை விட்டுவிட்டு, தன் பெயருக்கு நடந்ததாகச் சொன்ன வகுப்புகளை நடத்தச் சொல்லி இங்கே வந்து உட்கார்ந்தாளாம். விரட்டியும் போகவில்லை. கடைசியில் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டார்கள்.

'எல்லார் பேரையும் கூப்புடுறாங்க. என் பேர மட்டும் கூப்புட மாட்டேன்றாங்க. நீதான் பாஸ் ஆயிட்டியேன்றாங்க.'

நான் அவள் கைமேல் என் கையை வைத்து, விரல்களை எப்படிக் குவித்து எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினேன். அந்த ரப்பர் வயிறு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கதகதவென்று இருந்தது. அவள் தேய்த்த சூடுதான். தெரிந்தும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மேடம் அடுத்த வகுப்புக்கு மறுபடியும் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். என் பெயர் வந்தது. என்னை அறியாமல் வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து என் குரல் பதில் சொல்லிவிட்டது. ரோடு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அன்றிலிருந்து வார்டில் யாராவது கூப்பிட்டால் ஒரு நொடி பேசாமல் நிற்கிறேன். வேறு யாரும் பதில் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு வாய் வருகிறது. காதில் ஏதாவது அடைப்பா என்று டாக்டரம்மா கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விழுப்புரம் போய்க் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். மாசக் கடைசியில் இங்கே வேலையை விட்டுவிட்டுக் கெடாருக்கே போகிறேன். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். ஆர்த்தி என் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். அத்தையிடம் சொல்லிவிட்டேன். அவனும் ஒத்துக்கினா சந்தோஷம் என்று மட்டும் சொன்னார்கள்.

அந்த இடத்துக்கு மறுபடி போய் அம்சாவையும் கூட்டிப்போயிருந்தேன். அவளும் பிளஸ் டூ முடித்தவள்தானே, முதலிலிருந்து படிக்க முடியுமா என்று விசாரிக்கலாம் என்று. வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஆபீஸ் அம்மா, 'அம்சா' என்று கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். இவள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல அக்கம்பக்கம் பார்த்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். வெகு நேரம் கழித்து 'உள்ளேன்' என்றாள். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தேறாத குழந்தை அழுவது போல அவ்வளவு சின்னதாக இருந்தது. பழைய மார்க் ஷீட்டோடு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். வருவாளா தெரியவில்லை.

அவளைக் கூப்பிடப் போனபோதே அந்த மண்டபத்தில் என் பெயரை எடுக்கச் சொன்னேன். கொடுத்தவர்கள் சொன்னால்தான் எடுப்பார்களாம். வல்லரசு அண்ணனிடம் சொல்லி உடனே எடுத்துவிடுங்கள். எனக்கு இதைவிடப் பெரிய கோரிக்கை இல்லை. இன்னும் மூன்று வருடம் நீங்கள் அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கோபம் வந்தால் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். காப்பாற்றத் தெரியாமல் யாரையும் போர்த்திவிட்டு உட்கார்ந்திருக்க மட்டும் என்னால் ஆகாது.

சாமி உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். இதைப் படித்துவிட்டுப் போன் செய்வீர்கள். நான் எடுத்ததும் வேறு எதுவும் கேட்காமல் முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமானாலும் வைத்துவிடாதீர்கள்.

உங்கள்
கலைமதி