அந்தக் கமென்டின் கீழே

உக்குவளை
2026 பெப்ரவரி 3

என் தங்கத் தம்பி ஷியாமுக்கு,

மாதா புண்ணியத்தில் நீ சுகமாயிருப்பாய். லீவு முடிந்து டோஹா திரும்பும் ஸுஹைல் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் இதைப் பற்றிப் பேசவே கூடாது என்று உன் மச்சான் சொல்லிவிட்டார்.

ஏன்டா, உனக்கு வாய் சும்மா இருக்காதா? அந்த முன்னாள் மந்திரி மேல் வழக்கென்றால் கோர்ட் பார்த்துக்கொள்ளும். ஃபேஸ்புக்கில் அவருடைய ஆட்களோடு நீ ஏன் மல்லுக்கட்டுகிறாய்? அதிலும், "வெள்ள நிவாரணத் தகரத்த சீகிரியாவுல அவரு ஹோட்டலுக்கு லொறியில ஏத்திட்டுப் போனதே என் மச்சான்தான்" என்று கமென்ட் எழுதியிருக்கிறாய். உனக்கு இருப்பது ஒரே மச்சான். கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

ஞாயிறு பூசை முடிந்து வந்தால் வாசலில் இரண்டு பேர். "லொறி ஓட்டுற செபஸ்தியன் வீடு இதுதானே? சும்மா பார்த்திட்டுப் போக வந்தோங்க" என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

அதை அழித்துவிடு, ராசா.

உன் அக்கா
மார்கிரட்

டோஹா
பெப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

நீங்க வீணாகப் பயப்படுறீங்க. வெள்ளத்துக்குப் பிறகு தோட்டத்து லயத்தில் நம்ம சனம் கூரையில்லாமல் தறப்பாளுக்குக் கீழே கிடந்ததை மறந்துட்டீங்களா? இன்னும் எத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருப்பது? நானூறு லைக் வந்திருக்கிறது! எதிர்த்து எழுதியவனெல்லாம் வாயடைத்துப் போனான்.

ஒருத்தன் மட்டும், "லொறிக்கார அண்ணன் லக்கல ரோட்டுல கவனமாப் போகட்டும்" என்று கீழே எழுதியிருக்கிறான். குரைக்கிற நாய் கடிக்காது, அக்கா.

உங்கள் தம்பி
ஷியாம்

உக்குவளை
பெப்ரவரி 27

தம்பி,

உன் கடிதத்தை மச்சானும் படித்தார். இந்த மாதம் மூன்று தரம் லக்கலைக்குச் சாமான் ஏற்ற ஹயர் வந்திருக்கிறது. முன்பு ஒருநாளும் அந்தப் பக்கமிருந்து யாரும் கூப்பிட்டதில்லை. வரமாட்டேன் என்றால் சந்தேகப்படுவார்கள் என்று போய்வருகிறார். அவர் லொறிச் சத்தம் கேட்கும்வரை நான் அடுப்பில் உலை வைப்பதில்லை.

உன் நானூறு லைக்கை வைத்து நான் என்ன செய்ய? என் தலைமேல் சத்தியம், அழி.

மார்கிரட்

டோஹா
மார்ச் 10

அன்புள்ள அக்கா,

மன்னித்துக்கொள்ளுங்க. அழித்துவிட்டேன். அதன் கீழே மற்றவர்கள் எழுதியதும் அதோடு போய்விட்டது. கணக்கையே மூடி, நம்பரையும் மாற்றிவிட்டேன். இனி எந்தத் தடயமும் இல்லை. மச்சானை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்க.

ஷியாம்

உக்குவளை
மார்ச் 26

தம்பி ஷியாம்,

உன் கடிதம் வந்தபோது மச்சான் காணாமல் போய் ஒன்பது நாள். ஒன்பது நாளும் உன் பழைய நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தேன்.

லொறி லக்கல ரோட்டோரம், காட்டுப் பக்கம் நின்றது. கதவு பூட்டியிருந்தது. யானை அடித்திருக்கும் என்கிறது பொலிஸ். யானை லொறியைப் பூட்டிவிட்டா போகும்?

மிரட்டினார்கள் என்று சொன்னேன். "யாரு? எங்க? காட்டுங்க" என்றார்கள். உன் கமென்டுக்குக் கீழே ஒருத்தன் எழுதினான் என்று போனை எடுத்துத் தேடினேன். அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கத் தேடினேன். ஒன்றுமில்லை. அவன் எழுதியதை நீ சொல்லியிருந்த பழைய கடிதத்தைக் காட்டினேன். "இதை யாரும் எழுதலாமே" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

அழிக்கச் சொன்னவளும் நான்தான். உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை.

அந்த மிரட்டலைப் படம் பிடித்து வைத்திருக்கிறாயா? அவன் பெயராவது ஞாபகம் இருக்கிறதா? இது கிடைத்ததும் போனிலேயே சொல். பேசக் கூடாது என்று சொல்ல இப்போது வீட்டில் ஆளில்லை.

அக்கா