ஒரே அம்மா, இரண்டு மனுக்கள்

சாம் ஷுய் போ, ஹாங்காங்
9 மார்ச் 2014

அன்புத் தங்கை மெய் சின்னுக்கு,

அக்கா யுக் லான் எழுதுவது. செல்பேசியில் என் எண்ணை நீ முடக்கி வைத்திருப்பதால் தபால்தலைக்குச் செலவழிக்க வேண்டியதாயிற்று.

இத்தனை வருஷமாக அம்மாவை எட்டிப் பார்க்காதவள், ஒரு மாதமாக ஞாயிறு தவறாமல் வந்து இறால் கொழுக்கட்டையும் தேநீரும் வாங்கிக் கொடுக்கிறாய். பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது போலும் என்று நானும் ஏமாந்தேன். நேற்றுத்தான் சங்கதி தெரிந்தது. அரசு வீட்டுக்கான மனுவில் வயதான தாயைச் சேர்த்துக்கொண்டால் வரிசையில் ஆறு மாதம் முன்னே தள்ளுவார்கள். உனக்கு வேண்டியது அந்த ஆறு மாதம்தான், அம்மா இல்லை.

அம்மா என்னோடு இருக்கிறாள். கட்டிலை விட்டு இறங்கினால் அடுப்பு, அடுப்பைத் தாண்டினால் கக்கூஸ், அப்படி ஓர் அறை. என் மனுவில் அவள் இருப்பதால்தான் நாங்கள் ஒரு குடும்பம். அவள் பெயர் போனால் நான் ஒண்டிக்கட்டை. ஒண்டிக்கட்டைகளுக்கு வேறு வரிசை. வயதுக்குப் புள்ளி, காத்திருந்ததற்குப் புள்ளி என்று சேர்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். என் சாம்பலுக்குத்தான் வீடு கிடைக்கும்.

கொழுக்கட்டையோடு நிறுத்திக்கொள். கையெழுத்து கேட்காதே.

அக்கா

யுவென் லாங்
17 மார்ச் 2014

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

மதிப்பு எதற்கு என்று கேட்காதே, எழுதுகிற வழக்கம். இங்கே மழை பெய்தால் தகரக் கூரை ஒழுகுகிறது. பெரியவன் மேல்கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுகிறான். என் வீட்டுக்காரர் கா ஹோ மினிபஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்ட இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்தே தூங்குகிறார். என்னைப் பற்றிப் பேச உனக்கு வாய் வேறு.

நீ அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாயா, அம்மா உன்னைப் பார்த்துக்கொள்கிறாளா? சமைப்பது யார், துவைப்பது யார்? நீ வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறாய். சம்பளம் வாங்காத வேலைக்காரி ஒருத்தி, அவள் பெயரால் குடும்ப வரிசையில் ஓர் இடம். அதற்குப் பெயர் பாசமாம்.

போன ஞாயிறு தேநீர்க் கடையில் நேராகவே கேட்டேன். “அம்மா, எங்க மனுல உன் பேர சேத்துக்கவா?” அவள் கொழுக்கட்டையை மென்றுகொண்டே, “பேனாவ குடு”ன்னாள். போட்டுவிட்டாள். மனுவும் போய்விட்டது. வயிறு எரிந்தால் தண்ணீர் குடி.

மெய் சின்

சாம் ஷுய் போ
22 மே 2014

மெய் சின்,

அறிவுகெட்டவளே, ஒருவர் பெயர் ஒரு மனுவில்தான் இருக்கலாம் என்பது உனக்குத் தெரியாதா? ஒரே அடையாள அட்டை எண் இரண்டு மனுவில் இருக்கிறது என்று வீட்டுவசதி அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டார்கள். எதில் இருப்பது என்று அம்மா சொல்லாவிட்டால் இரண்டும் ரத்தாம். என் ஐந்து வருஷமும் உன் மூன்று வருஷமும் குப்பைக்கூடைக்கு.

அம்மாவிடம் கத்தினேன். “ஏம்மா, என் மனுல இருக்கன்னு தெரியாதா? அவளுக்கு எதுக்குப் போட்ட?”

“நீ கேட்ட, போட்டேன். அவளும் கேட்டா, போட்டேன். எந்தப் பொண்ணுகிட்ட மாட்டேன்னு சொல்றது, நீயே சொல்லு.”

நாளை நான் அழைத்துப் போகிறேன் என்றேன். “நீ வர வேணாம். அவளும் வர வேணாம். எனக்கு பஸ் ஏறத் தெரியும்”ன்னாள். அறுபத்தொன்பது வயதில் இந்த வீம்பு. என்னை விட்டுப் போக அவளுக்குப் போக்கிடம் ஏது? போய் என் மனுவைத்தான் காட்டிவிட்டு வருவாள், பார்த்துக்கொண்டே இரு.

யுக் லான்

யுவென் லாங்
30 ஜூன் 2014

அக்காவுக்கு,

எங்கள் மனுவில் அம்மா பெயரை அடித்துவிட்டார்கள். சலுகை போயிற்று. அவளை என்ன சொல்லி மிரட்டினாய்? எனக்கும் அடித்துவிட்டார்கள் என்று யாரிடமோ நீ ஒப்பாரி வைத்ததாகக் கேள்விப்பட்டேன். உன் நாடகத்தை வேறு யாரிடமாவது போடு. அம்மாவை நீயே வைத்துக்கொள். இனி இந்தப் பக்கம் கடிதம் வந்தால் பிரிக்காமல் எறிந்துவிடுவேன்.

மெய் சின்

சாம் ஷுய் போ
20 ஜனவரி 2017

மெய் சின்,

எறிவதற்கு முன் படித்துவிடு.

நான் நாடகம் போடவில்லை. என் மனுவிலும் அடித்துத்தான் இருந்தது. அம்மாவை நீ மயக்கிவிட்டாய் என்று இரண்டரை வருஷமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ என்னைத் திட்டியிருப்பாய். அம்மா நம் நடுவில் சோறு வடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை.

நேற்று துணிமணிகளை மூட்டை கட்டினாள். எங்கே என்று கேட்டால், வீடு கிடைத்துவிட்டதாம். அன்றைக்கு அந்த அலுவலகத்தில் நம் இருவர் மனுவிலிருந்தும் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு, அங்கேயே தனக்கென்று ஒரு மனு போட்டிருக்கிறாள். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு வரிசை எல்லாரையும் விட வேகமாக நகருமாம். நமக்குத்தான் அது தோன்றவே இல்லை. அவளைத் தனியாக நினைத்துப் பார்த்தால்தானே தோன்றும்.

“எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா?”ன்னேன்.

“உங்க ரெண்டு பேருக்கும் நான் அம்மா இல்ல, ஆறு மாசம். ஆறு மாசத்துகிட்ட என்ன பேச்சு?”

விலாசம் கேட்டேன். “சொல்ல மாட்டேன். சொன்னா என் வீட்டுல பேர் சேக்கணும்னு ரெண்டு பேரும் பேனாவோட வருவீங்க”ன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். பஸ் வந்ததும் வாங்கிக்கொண்டு, என்னை ஏற விடவில்லை.

அடுத்த வாரம் சீனப் புத்தாண்டு. கட்டிக்கொடுத்த பெண்கள் இரண்டாம் நாள் தாய்வீட்டுக்குப் போவார்கள். ஊருக்குக் காட்டவாவது நீயும் ஆரஞ்சுப் பழப் பையோடு இங்கே வருவாய்.

வராதே. இது இப்போது என் அறை மட்டும்தான்.

யுக் லான்