உஷாவின் இலையில் சோறு இல்லை

பிரிக்பீல்ட்ஸ்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள கார்த்திகா அப்பாவுக்கு,

உடம்பளவில் நான் நன்றாக இருக்கிறேன். மனசு எப்படி என்று கடிதம் முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

போனில் பேசினால் நீங்கள் கத்துகிறீர்கள், நான் வைத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் கோடு மட்டும் விழுகிறது, பதில் இல்லை. அதனால்தான் கடிதம். "இந்தக் காலத்துல ஸ்டாம்பு எங்கக்கா வாங்கினே?" என்று தங்கச்சி தாமரை சிரிக்கிறாள். சிரிக்கட்டும். கடிதத்தைப் பாதியில் யாரும் கட் பண்ண முடியாது.

பொங்கலன்று நடந்ததை என் பக்கத்திலிருந்தும் ஒரு தடவை கேளுங்கள். நம் சாப்பாட்டுக் கடை நிறைய ஆள். நீங்கள் சர்க்கரைப் பொங்கலை உருட்டி என் வாயருகே கொண்டுவந்தீர்கள். நான் முகத்தைத் திருப்பினேன். "ஒரு வாய்தானே உஷா" என்றீர்கள். வேண்டாம் என்றேன். உடனே எல்லா மேசைக்கும் கேட்கிற மாதிரி, "அப்ப உன் டயட்டோடயே போய்க் குடும்பம் நடத்து" என்றீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே தாமரை வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கினேன்.

உங்களுக்கு அது ஒரு வாய். எனக்கு ஒரு வாய் என்று ஒன்று கிடையாது. சிலரால் ஒரு வாயோடு நிறுத்த முடியும். என்னால் முடியாது. அது என் குணமோ என் உடம்போ, தெரியவில்லை. முன்பு ஒரு தடவை பவுடர் குடித்து இளைத்தேன். இன்னொரு தடவை அரை வயிறு கஞ்சி குடித்து இளைத்தேன். இரண்டு தடவையும் போனதெல்லாம் கூடச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. இந்தத் தடவை சோறு, ரொட்டி, சீனி மூன்றையும் விட்டேன். தொண்ணூற்றொரு கிலோவிலிருந்து அறுபத்தேழுக்கு வந்து, ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே நிற்கிறேன். இளைக்க யாராலும் முடியும், கார்த்திகா அப்பா. இளைத்த இடத்தில் நிற்பதுதான் பாடு. தினமும் யாராவது ஒருவர் அன்போடு வந்து தள்ளிவிடப் பார்க்கிறார்கள்.

உங்கள் கைப்பக்குவத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் தெங்கிரி மீன் குழம்பை இப்போது வைத்தாலும் சட்டியோடு சாப்பிடுவேன். சோறு உங்கள் கைப்பக்குவம் இல்லையே, அரிசி மூட்டையில் வருவதுதானே.

நாளை மறுநாள் தைப்பூசம். மோர்ப் பந்தலில் நெடுநேரம் நிற்பீர்கள். முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொள்ளுங்கள். மேல் அலமாரியில் இருக்கிறது.

அன்புடன்,
உஷாராணி


கிள்ளான்
23 பிப்ரவரி 2025

உஷா,

உன் கடிதம் கடைக்குத்தான் வந்துச்சு. அடுப்படியிலிருந்து நாகையா எட்டிப் பார்த்துட்டு, "என்ன பாஸ், கோர்ட்டு லெட்டரா?"ன்னு கேட்டான். இல்லடா, அதை விடப் பெரிசுன்னேன்.

எனக்கு எழுதிப் பழக்கமில்ல. மனசுல இருக்கறதை அப்படியே எழுதுறேன், கோவிச்சுக்காதே.

இருபத்திரண்டு வருஷம் என் குழம்புல உப்புப் பார்த்தவ நீ. நீ தலையாட்டினாத்தான் கடையில இலையே விழும். இப்ப அதே கல்லாவுல உட்கார்ந்து டப்பாவுல முட்டையும் வெள்ளரிக்காயும் வெச்சுச் சாப்பிடுற. ஒருத்தன் காசு கொடுக்கும்போது கேக்குறான், "அக்காவே உங்க சோத்தைச் சாப்பிட மாட்டேங்கறாங்க, அப்புறம் நாங்க எப்படி லா சாப்பிடுறது?" அவன் சிரிச்சிட்டுப் போயிட்டான். நான் அன்னிக்குப் பூரா அதையே நினைச்சுக்கிட்டு நின்னேன்.

சரி, யாரு பேச்சைத்தான் நம்புறது? கிளினிக் சுவத்துல தட்டு படம் ஒட்டி, கால் பங்கு சோறு சாப்பிடலாம்னு போட்டிருக்கான். உன் போன்ல ஒருத்தன் சோறே விஷம்ங்கறான். கடைக்கு வர்ற ராதாகிருஷ்ணன் அண்ணன் கேழ்வரகு சாப்பிடச் சொல்றார், அதுவும் மாவுதானே? நம்ம மக பினாங்குலேர்ந்து போன் பண்ணி, "அம்மாவைக் காலையில பட்டினி கிடக்கச் சொல்லுங்கப்பா"ங்கறா. ஒருத்தன் நெய்யைக் குடிங்கறான், இன்னொருத்தன் நெய்யை மோந்து பார்த்தாலே நெஞ்சு வலிங்கறான். இத்தனை பேர் பேச்சுக்கு உன்கிட்ட இடம் இருக்கு. புருஷன் பேச்சுக்குத்தான் இடமில்ல.

நம்ம தாத்தனுங்க சோறு தின்னுட்டுத்தான் இந்த ஊருக்கே ரயில் ரோடு போட்டாங்க. அதையும் யோசி.

தைலம் போட்டேன்.

திருச்செல்வம்


பிரிக்பீல்ட்ஸ்
30 மார்ச் 2025

அன்புள்ள கார்த்திகா அப்பாவுக்கு,

தாத்தாக்கள் ரயில் ரோடு போட்டார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுக்கிறேன். அவர்கள் சாப்பாடு எனக்கு எதற்கு?

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் உண்மை. அதை நான் இங்கே பட்டுத் தெரிந்துகொண்டேன். தாமரை வீட்டில் காலையில் வாழைப்பழம் போட்ட ஓட்ஸ், பகலில் சிவப்பரிசி, இடையில் பழ ஜூஸ். "இதுதான்க்கா பேலன்ஸ், நீ பண்றது ரொம்ப ஓவர்" என்று தினமும் சொன்னாள். அவளுக்கு அது ஒத்துக்கொள்கிறது, அவள் என்றைக்கும் குச்சி மாதிரிதான். ஒண்ட வந்த இடத்தில் தனிச் சமையல் கேட்க எனக்குக் கூச்சம். சரி என்று சாப்பிட்டேன்.

பழைய பசி திரும்பி வந்துவிட்டது. சாயங்காலமானால் எதையாவது வாயில் போடு என்று உள்ளே ஒன்று கத்தும். ஒரு நாள் தாமரை மாமியாருக்கு வாங்கி வைத்திருந்த கூவேப் பலகாரத்தை அடுப்படியில் நின்றபடியே ஒன்று விடாமல் தின்றேன். இனிப்பாக இருந்தது என்றுகூடத் தெரியாமல் தின்றேன். தராசில் ஏறினால் நாலு கிலோ கூடியிருக்கிறேன். இதை உங்களுக்கு எழுத வெட்கம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

அடுத்த நாளே தாமரையை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். "உன் சாப்பாட்டைக் குறை சொல்லல. அது உனக்கு. எனக்கு முட்டை, மீன், சோயாத் தவு, காங்கோங் கீரை. நானே சமைச்சுக்கிறேன்." அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். இப்போது பரவாயில்லை.

யார் சொல்வது சரி என்று ஊரெல்லாம் விசாரிப்பதை நிறுத்திவிட்டேன். எதைச் சாப்பிட்டால் எனக்கு வெறி வராமல் இருக்கிறதோ, எதை எழுபது வயசு வரைக்கும் என்னால் செய்ய முடியுமோ, அதைச் செய்வேன். தப்பா ரைட்டா என்று ரத்தப் பரிசோதனை சொல்லட்டும். அது யாருக்கும் பயப்படாது.

இங்கே சந்திரகலா அக்கா தையல் கடையில் ரவிக்கை தைக்கப் போகிறேன். கை மறக்கவில்லை.

உஷா


கிள்ளான்
20 ஏப்ரல் 2025

உஷா,

நாலு கிலோவுக்கு நான் சிரிக்கல. கொஞ்சம் சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. அடுப்படியில நின்னபடியே தின்னேன்னு எழுதியிருந்தே.

நமக்கு மீன் போடுற லோகனோட லோரி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வருது. அவன்கிட்ட டிபன் கேரியர் கொடுத்தனுப்புறேன். மேல் தட்டுல தெங்கிரி குழம்பு. நடுவுல காங்கோங். கீழ் தட்டுல என்னன்னு எழுத மாட்டேன், நீயே தொறந்து பாரு.

சித்திரைப் புத்தாண்டுக்கு வீட்டுல ஆளே இல்ல. பண்டமாரான்ல நம்ம தெருவே அமைதியா இருந்த மாதிரி இருந்துச்சு. டிவியைச் சத்தமா வெச்சேன்.

திரு


பிரிக்பீல்ட்ஸ்
25 மே 2025

கார்த்திகா அப்பாவுக்கு,

கீழ்த் தட்டைத் திறந்தேன். நெய் விட்ட சோறு. சூடு ஆறவில்லை. அந்த வாசனையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன், பொய் சொல்லவில்லை. பிறகு தட்டை மூடி, கீழே போய் வாசல் கார்ட் அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். குழம்பை மட்டும் சாப்பிட்டேன். சாப்பிடும்போது அழுதேன், நன்றாக இருந்ததாலும், கோபத்தாலும்.

என்னிடம் தோற்றுவிடக் கூடாது என்று அனுப்பினீர்களா, பாசத்தில் அனுப்பினீர்களா? இரண்டும் ஒரே கேரியரில் வந்தால் நான் எப்படிப் பிரிப்பேன்?

நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கார்த்திகா கேட்டாள். உங்களுக்கும் சொல்கிறேன். போன தடவை இளைத்துவிட்டுத் திரும்பவும் எடை போட்டேனே, அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆள் இருக்கும்போது நீங்கள், "போன சாமானெல்லாம் வந்து சேர்ந்திருச்சு, பாருங்க" என்று என்னைக் காட்டிச் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கல்லாவில் இருந்தபடியே சிரித்தேன். எடையால் வந்த முழங்கால் வலி எனக்குப் பழகிவிட்டது. அந்தச் சிரிப்பு பழகவில்லை. இன்னொரு தடவை அந்த நாற்காலியில் அப்படி உட்கார மாட்டேன்.

அடுத்தது நீங்கள் கேட்க ஆசைப்படுகிற செய்தி. மறைக்க மனசு வரவில்லை. எடை மறுபடி அறுபத்தேழுக்கு வந்துவிட்டது, சர்க்கரை நன்றாக இருக்கிறது. ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது. கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, இவ்வளவு பாடும் இதற்குத்தானா என்று நினைத்தேன். டாக்டர் கன்னையா நிதானமாகத்தான் பேசினார். "சோறு வேணாம்னா விடுங்கம்மா, அது உங்க இஷ்டம். ஆனா அந்த இடத்துல என்னத்தைப் போட்டு நிரப்பினீங்க?" என்று கேட்டார். தேங்காய்ப்பால், நெய், பொரித்த கோழித்தோல் என்றேன். கார்போஹைட்ரேட் இல்லையே என்று அளவில்லாமல் சாப்பிட்டிருக்கிறேன். அதைக் குறைத்து மீன், தவு, கச்சான் கடலை, காய், கொஞ்சம் பருப்பு என்று சாப்பிடச் சொன்னார். மூன்று மாதம் கழித்துப் பார்ப்பாராம், இறங்காவிட்டால் மாத்திரையாம்.

பாதையை விடப்போவதில்லை. பாதையில் நான் தப்பாகப் போட்ட காலை எடுத்துவிடுகிறேன். சிரிக்க வேண்டும் என்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

உஷாராணி


கிள்ளான்
8 ஜூன் 2025

அன்புள்ள உஷாவுக்கு,

சிரிக்கல. உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். கொலஸ்ட்ரால்ங்கற இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உன்கூடச் சண்டை போடலாம்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். உனக்கு ஏதாவது ஆகும்னு நினைச்சதில்ல.

சாமான் திரும்ப வந்ததுன்னு நான் சொன்னேன்னு எழுதியிருக்கே. எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா நீ சொன்னா, சொல்லியிருப்பேன். என் வாய் அப்படித்தான். எனக்கு ஞாபகமில்லாதது உனக்கு இத்தனை வருஷமா ஞாபகம் இருக்கு. நாகையாகிட்ட கேட்டேன், "நான் அப்படிச் சொன்னேனாடா?" அவன் பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே, "ஒரு தடவை இல்ல பாஸ்"ன்னான்.

சோறு அனுப்பினது ஜெயிக்கத்தான். பாசமும் இருந்துச்சு. ஆனா முதல்ல அதுதான்.

தேங்காய்ப்பால் இல்லாம மீன் குழம்பு வெச்சுப் பார்த்தேன், தக்காளியும் புளியும் மட்டும் போட்டு. முதல் நாள் ரசம் மாதிரி ஓடுச்சு. மறுநாள் வெங்காயத்தை வதக்கி அரைச்சு ஊத்தினேன், இனிச்சுப்போச்சு. அப்புறம் ஒரு நாள் வெந்தயத்தையும் மிளகையும் கூட்டிப் போட்டேன். அன்னிக்கு நாகையா இன்னொரு கரண்டி ஊத்திக்கிட்டான்.

உனக்கு அனுப்பல. நீ கேட்டா அனுப்புறேன்.

திரு


பிரிக்பீல்ட்ஸ்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள கார்த்திகா அப்பாவுக்கு,

ஜூனிலிருந்து நீங்கள் அனுப்பிய குழம்பை எல்லாம் நான் கேட்டுத்தான் அனுப்பினீர்கள். கேட்காமல் ஒரு தடவையும் வரவில்லை. அதை நான் கவனித்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. கொலஸ்ட்ரால் இறங்கியிருக்கிறது. டாக்டருக்கு அது போதாது, இன்னும் இறங்கட்டும் என்கிறார். எடை அறுபத்தெட்டு. ஒரு கிலோ கூடும், குறையும், அதற்கு நான் பயப்படுவதை விட்டுவிட்டேன். இது முடிகிற வேலை இல்லை என்று புரிந்துவிட்டது. வீடு கூட்டுகிற மாதிரி, நாளைக்கும் கூட்ட வேண்டும்.

நான் வீட்டுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை, பத்தொன்பதாம் தேதி. அனுமதி கேட்டு எழுதவில்லை, அது என் வீடும்தான். ஆனால் பழையபடி வரவில்லை. சந்திரகலா அக்கா கடைக்கு வாரத்தில் மூன்று நாள் கொமுட்டர் ரயிலில் வந்து போவேன். மற்ற நாள் கல்லாவில் உட்காருவேன். என் சாப்பாட்டை நான் முடிவு செய்வேன், டாக்டர் சொல்வதையும் என் ரத்தம் சொல்வதையும் கேட்டு. ஆள் நிறைந்த இடத்தில் என் உடம்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது, நீங்களும்தான். சோறு வேண்டுமா என்று என்னைக் கேட்கவே கூடாது.

இதற்குச் சம்மதம் என்றால் எழுதுங்கள். இல்லை என்றாலும் எழுதுங்கள். அப்போதும் வருவேன். நேரில் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
உஷா


கிள்ளான்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள உஷாவுக்கு,

வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் மூடிடுவேன்னு நாகையாகிட்ட சொல்லிட்டேன்.

தையல் வேலைக்குப் போயிட்டு வா. உன் உடம்பைப் பத்திக் கடையில இனி எவனும் பேச மாட்டான், நான் உள்பட. மீறி என் வாயில வந்துச்சுன்னா அங்கேயே எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டு. கேட்டுக்கிறேன். பிரிட்ஜுல நடுத் தட்டைக் காலி பண்ணிக் கழுவி வெச்சிருக்கேன், அது உன் தட்டு. நான் சோறு திங்கறதை விட மாட்டேன். அதை நீயும் கேக்கக் கூடாது.

ஆனா கடைசியா ஒண்ணு எழுதியிருக்கே பாரு, சோறு வேணுமான்னு கேக்கவே கூடாதுன்னு. அது மட்டும் என்னால முடியாது உஷா. நீ பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது உன்னைக் கேக்காம என் இலையில கை வைக்க எனக்கு வராது. ஒரு தடவை கேப்பேன். நீ வேண்டாம்னு சொல்லு. தினமும் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.

எந்த ரயில்னு மட்டும் மெசேஜ் போடு. பெட்டியை நீ தூக்காதே. பிளாட்பாரத்துலயே நிப்பேன்.

உன்
திரு