ஆற்றுக்கு வைத்த தட்டு

15 மார்ச் 1987, ஞாயிறு. ஜெர்சி சிட்டி.

மத்தியானம் ஆற்றோரம் இருக்கும் எகிப்து ஹோட்டலுக்குப் போனோம். நடத்துபவர்கள் எகிப்துக் கிறிஸ்தவர்கள், ஈஸ்டருக்கு முந்தைய விரதக் காலம் இது, கறி, முட்டை, பால் எதுவும் சேர்க்க மாட்டார்கள் என்று இவருடைய ஆபீஸ் நண்பர் சொல்லியிருந்தார். அரிசியும் பருப்பும் மக்ரோனியும் கலந்து, மேலே வறுத்த வெங்காயம் தூவிய கோஷரி. நன்றாகத்தான் இருந்தது.

கை கழுவப் பின்பக்கம் போனேன். ஆற்றைப் பார்த்த படியில் ஒரு தட்டில் ரொட்டியும் வெண்டைக்காய்க் குழம்பும். சமையல்கார அம்மாள் அதன் முன் கண்மூடி நின்றிருந்தாள். பிரசாதம்தானே என்று ஒரு துண்டு கிள்ளி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொண்டேன்.

அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். எகிப்துக்குத் தெற்கே நைல் கரையில் இருக்கும் நூபியாக்காரியாம். அவள் ஊரே அணைத் தண்ணீருக்குள் போய்விட்டதாம். அந்தத் தட்டு ஆற்றுக்குள் இருப்பவர்களுக்காம். கோபிக்க மாட்டார்களாம், கூடச் சாப்பிட்டது யார் என்று பார்க்க மட்டும் வருவார்களாம்.

காரில் சொன்னதும் இவர் சிரித்தார். "சும்மா பயமுறுத்தியிருக்கா. டிரைவ் பண்றப்போ இதெல்லாம் சொல்லாதே."

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது இவர்தான் கேட்டார். "ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு தட்டு?"

நான் வைத்த ஞாபகமே இல்லை. எடுக்கவும் பயமாக இருந்தது. இவர் படுத்த பிறகு அதில் கொஞ்சம் சோறு போட்டு மூடி வைத்தேன்.

சமையலறையில் இப்போது மூடி நகரும் சத்தம் கேட்கிறது. இவர் என் பக்கத்தில்தான் தூங்குகிறார்.