உன் நம்பருக்கு வந்த செய்தி

என் பிரியமுள்ள அம்மா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டியும் எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். நீ இறந்துபோய் ஒரு வருஷம் ஆகிறது என்று நம் கோவில் மாத இதழில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் மற்றவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். அனுப்புவதற்கு முன்னால் ஷைனியிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வேன். தங்கச்சி என்பதற்காக இல்லை, இதில் பாதிக் கதை அவளுடையது என்பதற்காக.

முதலில் வீட்டுச் செய்தி. உன் போனுக்கு அப்பா இன்னும் ரீசார்ஜ் செய்கிறார். பள்ளிக்கூடம், கேஸ், ரேஷன் என்று எல்லா இடத்திலும் உன் நம்பரைத்தானே கொடுத்திருக்கிறோம்? அதை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. வீட்டில் எதையும் படித்துச் சொல்பவள் நான் என்பதால் அந்தப் போன் என்னிடமே இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள் அம்மா. பின்னால் வேண்டியிருக்கும்.

இரண்டு பேரும் பிளஸ் டூ எழுதிவிட்டோம். முடிவு இன்னும் வரவில்லை. நான் மூத்தவள், ஆனாலும் ஒரே வகுப்பு. நீங்கள் பிழைக்கத் திருப்பூருக்கு வந்தபோது, வீடு பிடிக்கும் வரை என்று என்னைச் சித்தியிடம் விட்டுவிட்டு ஷைனியை மட்டும் கூட்டி வந்தீர்கள். ஒரு வருஷம் கழித்து நான் வந்து சேர்ந்தபோது இங்கே அதே வகுப்பை மறுபடியும் படிக்க வைத்தார்கள். வகுப்பு போனது பெரிதில்லை. அந்த ஒரு வருஷம் அவள் உன்னோடு இருந்தாள், நான் இல்லை. எங்கள் இருவரில் அவளை ஏன் தேர்ந்தெடுத்தாய்? சின்னவள் என்பதாலா? இருக்கும்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அவள் கோல்கீப்பர் ஆனதும் உன்னால்தான். உன் கடற்கரை ஊரில் பெண்களுக்குப் பந்தாட இடமில்லை, பார்க்க இடமிருந்தது. அதனால் உனக்கு ஆஃப்சைடு தெரியும், எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுடைய எல்லா ஆட்டத்துக்கும் வந்தாய். வாயில் இரண்டு விரலை வைத்து நீ அடிக்கும் விசிலில் நடுவரே திரும்பிப் பார்ப்பார். என் பரிசளிப்பு விழாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை, விழாக்கள் வேலைநாளில், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு லீவு கிடைக்காது. காரணமெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வலிக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பஸ்ஸில் போகும்போது நாம் பார்ப்போமே, ஒரே மதிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பல்கலைக்கழகங்கள். நீ சொல்வது போலவே நீலக் கேட்டு, சிவப்பு வளைவு என்று எழுதுகிறேன். நீலக் கேட்டில் தங்கப் பதக்கம் வாங்கியவர்களின் படங்களைப் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தால், மறுநாள் காலையில் சிவப்பு வளைவில் கால்பந்துக் கோப்பையோடு அதைவிட உயரமாக ஒரு ஃபிளெக்ஸ் நிற்கும். இந்த வருஷம் நீலக் கேட்டுக்கும் கோப்பை வேண்டுமாம். பெண்கள் அணி ஒன்று தொடங்குகிறார்கள். அவ்வளவு பெரிய கட்டடங்களுக்கும் பொறாமை வருமா அம்மா? வருகிறது.

நீலக் கேட்டு என் கனவு என்று உனக்குத் தெரியும். அங்கே இயற்பியல் படிக்க வேண்டும் என்றுதான் தை மாதம் அவர்களுடைய உதவித்தொகைப் பரீட்சையை எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. போன வாரம் நீலக் கேட்டே நம் வீடு தேடி வந்தது, ஷைனிக்காக.

டிராக் சூட் போட்ட ஒரு கோச் மேடமும் ஃபைல் வைத்திருந்த ஒரு பேராசிரியரும் சந்துக்குள் நின்று விலாசம் கேட்டார்கள். ஹவுஸ் ஓனர் சரோஜாக்காதான் அழைத்து வந்தார்.

"இந்த ஊடுதானுங்க. உள்ள வாங்க. சேர் பத்தாதுங்களே! இருங்க, நம்மூட்டுச் சேரக் கொண்டாறேன்."

நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அப்பா, தலையில் பஞ்சுத் தூசியோடு எழுந்து வந்தார். அவருக்கும் சேர் போட்டார்கள், உட்காரவில்லை. கோச் மேடம் ஷைனியின் உள்ளங்கையைப் பிடித்து விரித்துக் காட்டினார். "பாருங்க சார், இந்தக் கைக்காகத்தான் வந்தோம்." என் நடுவிரலில் பேனா பிடித்துக் காய்ப்பு இருக்கிறது. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

தண்ணீர் கொடுத்தபோது என்னைப் பார்த்தார். "நீ யாரும்மா?"

"அக்கா, மேடம்."

"நீயும் ஆடுவியா?"

"இல்ல மேடம், படிப்பேன்."

"ஓ. நல்லது, படிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஷைனி பக்கம் திரும்பிவிட்டார்.

பேராசிரியர் எந்தப் படிப்பு வேண்டுமானாலும் கேட்கச் சொன்னார். இருப்பதிலேயே எளிதானதைக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இது: "சார், உங்ககிட்ட பிசியோதெரபி இருக்கா?"

"இருக்கும்மா. ஏன் அது?"

"செக்கிங்ல நாள் பூரா நிக்கவங்களுக்குக் காலு வீங்கும் சார். எங்க அம்மைக்கு வீங்கும். நான்தான் அமுக்கி விடுவேன். சரியா அமுக்கினேனா, தப்பா அமுக்கினேனான்னு எனக்குத் தெரியணும்."

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பந்து அவளுக்கு, படிப்பு எனக்கு என்று நான் கோடு போட்டு வைத்திருந்தேன். நூலகத்துப் புத்தகமெல்லாம் படித்த எனக்கு உன் கால் ஏன் நினைவுக்கு வரவில்லை? அவள் கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்து நின்றாள், அதுவும் உன் காலைப் பிடித்துக்கொண்டு.

அத்தோடு விட்டாளா? "எங்க அக்காவுக்கும் ஒரு சீட்டு குடுங்க சார், நல்லா படிப்பா."

"அதுக்கென்னம்மா, கூடவே சேத்துக்கலாம்" என்றார் அவர். மூன்று பனியன் எடுத்தால் ஒரு கர்ச்சீஃப் இலவசம் என்று காதர்பேட்டையில் கூவுவார்களே, அந்தக் கர்ச்சீஃப் நான்.

அவர்கள் வெளியே போகும்போதே சிவப்பு வளைவின் ஆள் பைக்கில் வந்து இறங்கினார். சந்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்ன சார், இப்ப ரேங்க் லிஸ்ட்ல கோல்கீப்பருக்கும் இடம் வெச்சுட்டீங்களா?"

"எங்க லைப்ரரில சேர் நெறையா காலியா இருக்குங்க. உங்க பசங்கள அனுப்புங்க. வழி தெரியலைன்னா நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் பேராசிரியர்.

"ரெண்டு பேரும் டீயக் குடிச்சுப்போட்டு அப்புறம் சண்டை போடுங்க சாமி, ஆறிப்போகுது" என்றார் சரோஜாக்கா.

சிவப்பு வளைவுக்காரர் ஷைனியின் பெயர் அச்சடித்த ஜெர்சியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அவள் அதை வாங்கி, உன்னைப் போலவே உள்பக்கம் திருப்பி, தோள் தையலை விரலால் நீவிப் பார்த்தாள். உன் தகர டப்பாவைத் திறந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து, தையல் விட்ட இடத்தைக் காட்டி ஒட்டிக் கொடுத்தாள். "சார், இது ஆல்டருக்குப் போகணும்." கம்பெனியில் குறை உள்ள பீஸைத் திருத்தித் தைக்க அனுப்பும்போது நீ ஒட்டுவாயே, அதே ஸ்டிக்கர்தான். பாவம், அவர் முகம் செத்துப்போனது. அவர்களிடம் பிசியோதெரபியும் கிடையாது.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம்.

வியாழக்கிழமை உன் நம்பருக்கு ஒரு செய்தி வந்தது. 'அன்புள்ள பெற்றோருக்கு, தங்கள் மகள் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத் தேர்வுக்கு வரவும். வராதவரின் இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும்.' நீலக் கேட்டிலிருந்து.

படித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அவள் போகாவிட்டால் சிவப்பு வளைவு அவளைத் தூக்கிக்கொண்டு போகும், அங்கே என்ன கொடுக்கிறார்களோ அதைப் படிக்கட்டும் என்று நினைத்தேன். நீலக் கேட்டு எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். 'மறந்துவிட்டேன்' என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அன்று வீட்டில் எல்லா வேலையையும் நானே செய்தேன். அவளுக்குப் பிடித்த மீன் குழம்புகூட வைத்தேன். அந்தக் குழம்பைப் பற்றி நினைத்தால்தான் இப்போது அதிகம் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோல்கீப்பர் கிளவ்ஸைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "ஏட்டி, இதத் தச்சுத் தாயேன். நீதான் பொறுமையா தைப்ப." சுண்டுவிரல் பக்கம் பிரிந்திருந்தது. அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தாள்.

ஊசியில் நூல் கோத்தேன். குத்த முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "எப்ப வந்துது?" என்றாள்.

"நேத்து."

"அம்மை இருந்திருந்தா இதச் செஞ்சிருப்பியா?"

நீ இருந்திருந்தால் அந்தச் செய்தி என் கைக்கே வந்திருக்காது. உனக்கு வந்த செய்தி அம்மா அது. இதை அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அவள் எழுந்து போய் அப்பாவிடம் சொன்னாள். அவர் வண்டிச் சாவியைத் தேடி எடுத்தார்.

"காலையில அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கேன். ரெண்டு பேரும் கிளம்புங்க."

"நான் எதுக்குப்பா?"

"கிளவ்ஸ் யாரு தைக்கது மக்ளே?"

அன்று ராத்திரி சுண்டுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன் போலிருக்கிறது. மைதானத்தில் மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ராயபுரத்திலிருந்து வந்த உயரமான இன்னொரு கோல்கீப்பர் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தாள். ஷைனி தையலைப் பல்லால் கடித்துப் பிரித்துத் துப்பினாள். "படிச்ச புள்ள தச்ச லட்சணத்தப் பாரு" என்றாள். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். எனக்குப் போதுமாக இருந்தது.

அவள் பாய்ந்து பிடித்த ஒவ்வொரு பந்துக்கும் எனக்குச் சந்தோஷம் வந்தது. கூடவே மற்றதும் வந்தது. ஒரு பந்து அவளைத் தாண்டி உள்ளே போனபோது என் கை தட்டப் பார்த்தது அம்மா. அதைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்துப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது, பிசியோதெரபி. கையெழுத்துப் போடும்போது பேராசிரியர் என்னைப் பார்த்து, "அக்காவையும் கூடச் சேத்துக்கலாம்னேனே" என்றார்.

"வேண்டாங்க சார். நான் எழுதின பரீட்சைக்குப் பதில் வரட்டும்" என்றேன். அப்பா என் தோளில் கை வைத்தார். இன்னும் பதில் வரவில்லை.

நேற்று மத்தியானம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது உன் போன் ஷைனி கையில் இருந்தது. வாசலில் நின்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "ஏட்டி, செவப்பு வளைவுல உன்னையக் கூப்பிடுதாங்க! பத்தாங் கிளாஸ்ல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்த அக்கா இருக்காமே, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாரோம்னு போட்டிருக்கு!" நீலக் கேட்டு தங்கையை எடுத்ததால் அவர்களுக்கு அக்கா வேண்டுமாம். அவர்களுடைய ஆத்திரம்தான் இது, என் அறிவுக்கு வந்த மரியாதை இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் யாரோ எனக்காகச் சேர் கேட்டு வரப்போகிறார்கள். போவேனா, நீலக் கேட்டுக்குக் காத்திருப்பேனா, இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் செய்தி வந்த அதே நிமிஷத்தில் அவள் கத்திச் சொன்னாள். கையில் ஈரத் துணியோடு நான் அப்படியே நின்றேன்.

இவ்வளவும் எழுதி, கடைசியில், 'இப்போது எனக்கு அவள்மேல் பொறாமை இல்லை' என்று முடித்து அவளிடம் கொடுத்தேன். காலை மடக்கி உட்கார்ந்து, பீஸ் பார்ப்பதுபோல் வரிவரியாகப் பார்த்தாள். திரும்பி வந்த தாளில் இரண்டு சிவப்பு அம்புகள் இருந்தன.

ஒன்று, 'வியாழக்கிழமை' என்ற இடத்தில். "போன்ல தேதி இருக்குல்லா? புதன்கிழமைதான வந்துது? நீ சொன்ன அன்னைக்கே போனப் பார்த்தேன், போனாப் போவுதுன்னு விட்டேன். அம்மைக்கு எழுதும்போதுமா?"

ஆமாம் அம்மா. இரண்டு நாள் மறைத்தேன். அவளிடம் ஒரு நாள் என்று சொன்னேன். உண்மையை எழுதுவேன் என்று தொடங்கிய கடிதத்திலும் அதையே எழுதினேன். திருத்தாமல் அப்படியே விடுகிறேன். படிப்பவர்களும் பார்க்கட்டும்.

இன்னொன்று அந்தக் கடைசி வரியில். "இது பொய்" என்றாள்.

அந்த வரியை அடித்துவிட்டேன். பொறாமை இருக்கிறது. அவள் கையைப் பார்த்தால் இருக்கிறது, நீ அவளோடு மட்டும் இருந்த அந்த வருஷத்தை நினைத்தால் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். மதிலுக்கு எந்தப் பக்கம் நான் படித்தாலும், அவள் ஆடும் முதல் ஆட்டத்தில் நீ உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், பொறாமையோடாவது. அதற்குள் விசில் பழகிவிடுவேன். உன் நம்பருக்கு வருவதை வந்தவுடன் சத்தமாகப் படிப்பேன்.

ஷைனி இப்போதே பாய் விரித்துவிட்டாள். எதிர் பனியன் கம்பெனியில் எட்டரை மணி ஷிஃப்ட் முடிந்து, விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உன் மூத்த மகள்,
ஷைனியின் அக்கா,
ஆக்னஸ்