இன்வெர்ட்டர் தொட்டியில் பச்சைத் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்
அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகையில், மேட்டுச் சாலையில் வண்டி சூடாகிவிட்டதென்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஓரங்கட்டினேன். “என்னம்மா, பெட்ரோல் தீர்ந்துடுச்சா?” என்றார். ஆமாம் என்று பொய் சொன்னேன். வண்டி ஆறும்வரை காத்திருந்து மறுபடி கிளப்பினேன். எப்படியோ போய்ச் சேர்ந்தோம்.

மார்ச் 5, புதன்
பானெட்டைத் திறந்தேன். பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் இந்த ஹைப்ரிட் வண்டிக்கு, சூட்டைத் தணிக்கும் கூலன்ட் தொட்டி இரண்டு. என்ஜினுடையது பளிச்சென்று இளஞ்சிவப்பு. மோட்டாருக்கு மின்சாரம் மாற்றித்தரும் இன்வெர்ட்டருடையது — சேறு!

தம்பிதான். “கம்மியா இருந்துச்சுக்கா. வீட்ல பச்சை கேன் இருந்துச்சு, ஊத்தினேன். கூலன்ட்னா எல்லாம் ஒண்ணுதானே?”

“அப்பா உயிரோட விளையாடுறியாடா? இனிமே என் வண்டியத் தொடாத!”

சாப்பிடாமல் போய்விட்டான். அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். ஆனால் நடுவழியில் நின்றிருந்தால்?

மார்ச் 6, வியாழன்
டயாலிசிஸுக்கு வாடகை வண்டியில் போய்வந்தோம். தம்பி போனை எடுக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி
ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், எனக்கு முன்னால் தம்பி நிற்கிறான், கையில் புதுக் கேனோடு. கடை கடையாய் ஏறி இறங்கியிருக்கிறான். “கலரைப் பார்த்து வாங்கக் கூடாதாம்க்கா. வண்டி புக்ல போட்டிருக்கிற அதே ரகமா இருக்கணுமாம். தண்ணியும் கலக்க வேணாம், இது அப்படியே ஊத்துறது.”

மெக்கானிக் பழையதை வடித்தார். இரண்டு ரகமும் கலந்து கெட்டிப்பட்டு, குழம்பாக இறங்கியது. சுத்திகரித்த தண்ணீர் விட்டு, தெளிந்து வரும்வரை அலசினார். கசிந்த குழாயின் கிளிப்பையும் மாற்றினார். புதிதை ஊற்றி வண்டியைக் கிளப்பியதும் தொட்டியில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. நானும் தம்பியும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம், தலைகள் முட்டுகிற மாதிரி. குமிழிகள் நின்றன.

“கூலன்டைச் சுத்தவிடுற பம்ப் தப்பிச்சுது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அடைச்சிருக்கும்” என்றார் மெக்கானிக்.

தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நேற்றிரவெல்லாம் தூங்கவில்லையாம். “வா, ஏதாவது சாப்பிடலாம்” என்றேன்.

மார்ச் 8, சனி
விளக்கு எரியவில்லை. மேட்டில் வண்டி சத்தமே இல்லாமல் ஏறியது. அப்பா வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம். தம்பி ஓட்டினான். இனி சனிக்கிழமைகள் அவன் பொறுப்பாம், அவனாகவே சொன்னான். நான் பின்சீட்டில் சாய்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தேன். இந்தச் சாலையில் இவ்வளவு மரங்களா!